மூன்று விலைப்புள்ளிகளில் எந்த ரவுட்டர்?

கேள்வியின் சாரம் இது: சென்னையின் லிங்கிச் செட்டித் தெருவில் தலைமை அலுவலகம் உள்ள ஒரு சுங்கத் தரகு நிறுவனம், அங்கே அறுபத்தைந்து பேர், மணலியில் ஒரு குடோன், மாதவரத்தில் ஒரு யார்டு. தலைமை அலுவலகத்தில் 200 எம்பிபிஎஸ் லீஸ்டு லைனும் (நிறுவனத்துக்கென்றே தனியாக ஒதுக்கிய இணைய இணைப்பு) 500 எம்பிபிஎஸ் பிராட்பேண்டும் உள்ளன. மற்ற இரண்டு இடங்களிலும் 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்ட். இப்போது ஓடுவது சிஸ்கோ ஐஎஸ்ஆர் 4331. லீஸ்டு லைனை 100இலிருந்து 200க்கு உயர்த்திய பிறகும் வேகம் கூடவில்லை. மாற்றாக சிஸ்கோ கேட்டலிஸ்ட் சி8200எல், ஃபோர்ட்டிகேட் 60எஃப், மைக்ரோடிக் சிசிஆர்2004 ஆகியவற்றுக்கு விலைப்புள்ளி வந்திருக்கிறது. எதை வாங்குவது, பழைய ரவுட்டரை என்ன செய்வது?

முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்கு வருகிறேன். தலைமை அலுவலகத்துக்கு ஃபோர்ட்டிகேட் வாங்கலாம், ஆனால் 60எஃப் வேண்டாம். 80எஃப், அல்லது அதன் உள்ளேயே சேமிப்பு வட்டு வைத்த 81எஃப் வாங்குங்கள். மணலிக்கும் மாதவரத்துக்கும் மைக்ரோடிக் ஆர்பி5009 போதும். சி8200எல் நல்ல பெட்டிதான். அதற்கே உரிய வேலை எதுவும் நீங்கள் எழுதியதில் எனக்குத் தென்படவில்லை. இந்த முடிவு உங்கள் அலுவலகத்துக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்துத் தெருவில் இதே தொழில் செய்யும் வேறொரு நிறுவனத்துக்கு விடை வேறாக இருக்கலாம்.

லைனை உயர்த்தியும் வேகம் கூடாததற்கு லைன் கொடுத்தவரைக் குறை சொல்வதற்கு முன், ரவுட்டரின் உரிமத்தைப் பாருங்கள். ஐஎஸ்ஆர் 4331 அடிப்படை நிலையில் மொத்தமாக 100 எம்பிபிஎஸ் மட்டுமே கடத்தும்; பெர்ஃபார்மன்ஸ் உரிமம் வாங்கிப் போட்டால் 300. உள்ளே இருக்கும் வன்பொருள் இரண்டுக்கும் ஒன்றுதான், பூட்டு மென்பொருளில் இருக்கிறது. 'ஷோ பிளாட்ஃபார்ம் ஹார்ட்வேர் த்ரூபுட் லெவல்' என்று கட்டளை கொடுத்தால் இப்போது எந்த நிலையில் ஓடுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். 100 என்று காட்டினால், இத்தனை மாதமாக நீங்கள் 200க்குப் பணம் கட்டி 100ஐப் பயன்படுத்தி வந்திருக்கிறீர்கள் என்று பொருள். இப்போது போய் அந்த உரிமத்தை வாங்குவதில் பயனில்லை. 4300 வரிசையின் விற்பனை 2023 நவம்பரிலேயே நின்றுவிட்டது, ஆதரவும் 2028 நவம்பரோடு முடிகிறது.

இதிலிருந்தே ஒப்பீட்டின் மையமான கேள்வி கிடைக்கிறது. ஒரு ரவுட்டர் எத்தனை வேகம் கடத்தும் என்று பொதுவாகக் கேட்டால் விடை எதுவாகவும் இருக்கலாம். உங்களுக்கு வேண்டிய சேவைகள் எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும்போது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமத்துக்குள், எத்தனை கடத்தும் என்று கேட்க வேண்டும். கையேட்டில் பெரிய எழுத்தில் அச்சிடும் எண் பெரும்பாலும் 1518 பைட் அளவுள்ள பெரிய பாக்கெட்டுகளை எந்தச் சோதனையும் இல்லாமல் தள்ளிவிட்டு எடுத்த எண். ஒரு ஜிபிபிஎஸ் லைனை அப்படிப்பட்ட பாக்கெட்டுகளால் நிரப்ப விநாடிக்கு ஏறத்தாழ 81,000 பாக்கெட்டுகள் போதும். அதே லைனை 64 பைட் பாக்கெட்டுகளால் நிரப்ப 14.88 லட்சம் தேவை. ரவுட்டரின் உழைப்பு பைட்டைவிட பாக்கெட்டின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால், சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் நிறைந்த உண்மையான அலுவலகப் போக்குவரத்தில் வேகம் சரிவது இயல்பு. 'அப் டு' என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் எந்த எண்ணையும் எழுதலாம் என்பதை விற்பனையாளர்கள் நன்றாகவே அறிவார்கள்.

உங்கள் மூன்று விலைப்புள்ளிகளையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஃபோர்ட்டிகேட் 60எஃப்-இன் ஃபயர்வால் வேகம் 10 ஜிபிபிஎஸ் என்று இருக்கும். அதே தாளில் சில வரிகள் கீழே, ஊடுருவல் தடுப்பு, ஆன்டிவைரஸ் முதலியவற்றை இயக்கிய பின் கிடைக்கும் 'திரெட் புரொடெக்‌ஷன்' வேகம் 700 எம்பிபிஎஸ் என்று இருக்கும். பதினான்கில் ஒரு பங்கு. அதை மறைக்காமல் அச்சிட்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். உங்கள் இரண்டு லைன்களும் சேர்ந்து 700 என்பதால் 60எஃப் விளிம்பில் நிற்கிறது. 80எஃப் அதே கணக்கில் 900 தருகிறது. சி8200எல்-இல் சாதாரணப் போக்குவரத்துக்குக் கவலையில்லை, ஆனால் ஐபிசெக் (இரண்டு இடங்களை இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் முறை) குறியாக்கம் செய்த போக்குவரத்து 250 எம்பிபிஎஸ் தாண்டவேண்டுமானால் ஹெச்செக் என்ற தனி உரிமம் தேவை. உங்கள் விலைப்புள்ளியில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மைக்ரோடிக் இதில் கொஞ்சம் நேர்மையான கட்சி. ஒவ்வொரு மாடலுக்கும் 64, 512, 1518 பைட் பாக்கெட்டுகளில், விதிகள் இல்லாமலும் இருபத்தைந்து ஃபில்டர் விதிகளோடும் எடுத்த அளவுகளை அட்டவணையாகவே வெளியிடுகிறது. ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு: வேகத்தைத் தூக்கிக் கொடுக்கும் ஃபாஸ்ட்டிராக் வசதியை இயக்கினால், அந்த இணைப்புகள் சிம்பிள் க்யூ (எந்தப் போக்குவரத்துக்கு எத்தனை வேகம் என்று வரிசைப்படுத்தும் விதி) வழியாகப் போகாது. அழைப்புகளுக்கு முன்னுரிமை கொடுப்பதற்காக நீங்கள் எழுதிவைத்த க்யூ சும்மா கிடக்கும், ஏன் வேலை செய்யவில்லை என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை இணைப்புகள் என்ற எண்ணைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஆளுக்கு இருநூறு என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 13,000 தான் வரும். 60எஃப்-ஏ ஏழு லட்சம் தாங்கும்.

இனி உங்கள் தொழிலுக்கு என்ன தேவை என்று பார்ப்போம். சுங்கத் தரகு வேலையில் தரவின் அளவு சிறியது. பில் ஆஃப் என்ட்ரியும் (இறக்குமதி அறிக்கை) ஷிப்பிங் பில்லும் (ஏற்றுமதி அறிக்கை) சுங்கத்துறையின் இணையதளமான ஐஸ்கேட்டுக்குப் போகின்றன, ஆவணங்கள் ஸ்கேன் ஆகி ஏறுகின்றன, இ-வே பில் எழுகிறது. அளவு சிறியதானாலும் நேரம் கறாரானது. பொதுவாகக் கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலாக வேண்டும். தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். மாலை ஆறு மணிக்கு மேல் லைன் போனால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே 500ஐ 800 ஆக்கும் ரவுட்டரைவிட, ஒரு லைன் விழுந்ததும் மேசையில் இருப்பவர் உணராதபடி அடுத்த லைனுக்குப் போகும் ரவுட்டரே உங்களுக்கு மதிப்புள்ளது. மூன்று பெட்டிகளும் இதைச் செய்யும். செய்யும்படி அமைத்துத் தருவதில்தான் வேறுபாடு.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் 'ஃபெயில்ஓவர் போட்டாச்சு' என்று சொல்லிவிட்டுப் போவது, முதல் லைனின் போர்ட் விழுந்தால் இரண்டாவதுக்குப் போ என்ற ஒற்றை விதி. ஆனால் தெருவில் ஃபைபர் அறுந்தாலும், உங்கள் சுவரில் மாட்டியிருக்கும், ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கும் ரவுட்டருக்கும் இடையிலான ஓரடி கேபிள் உயிரோடுதான் இருக்கிறது. போர்ட் விளக்கு பச்சையாகவே எரியும், ரவுட்டர் எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டு பாக்கெட்டுகளைச் செத்த லைனில் அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே ரவுட்டர் வெளியே இருக்கும் ஒரு முகவரியை, முடிந்தால் இரண்டு முகவரிகளை, அந்தந்த லைன் வழியாகவே விடாமல் பிங் செய்து (சிறு பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று) பார்க்க வேண்டும். சிஸ்கோவில் இதற்கு ஐபி எஸ்எல்ஏவும் அதோடு டிராக் பொருளும். ஃபோர்ட்டிகேட்டில் பெர்ஃபார்மன்ஸ் எஸ்எல்ஏ. மைக்ரோடிக்கில் ரிக்கர்சிவ் ரூட் அல்லது நெட்வாட்ச். ஃபோர்ட்டிகேட்டில் தாமதம், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்), பாக்கெட் இழப்பு மூன்றுக்கும் எல்லை வைத்து, லைன் முழுதாகச் சாகும் முன்பே, கெட்டுப்போகத் தொடங்கும்போதே மாற்றிவிடலாம். அதற்குத் தனி எஸ்டிவான் (பல லைன்களை மென்பொருளால் ஆளும் முறை) உரிமமும் தேவையில்லை. நான் அதைப் பரிந்துரைக்க முதற்காரணம் இதுவே.

லைன் மாறிய பின் வரும் சிக்கல்களை விலைப்புள்ளி கொடுப்பவர் சொல்லமாட்டார். மைக்ரோடிக்கில் போர்ட் விழாமல் ரூட் (பாதை) மட்டும் மாறினால், ஏற்கெனவே நேட் ஆகியிருந்த (உள் முகவரி வெளி முகவரியாக மாற்றப்பட்ட) இணைப்புகள் பழைய வெளி முகவரியையே சுமந்துகொண்டு புதிய லைனில் போக முயலும். எதிர்முனை பதில் தராது. இணையப் பக்கங்கள் தாமாகப் புது இணைப்பைத் திறந்துகொள்ளும், இணையம் வழி பேசும் எஸ்ஐபி தொலைபேசிகளோ ஊமையாகிக் கிடக்கும். ரூட் மாறும்போது அந்த இணைப்புகளை அழித்துவிடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினால் தீரும். ஃபோர்ட்டிகேட்டில் சிக்கல் திரும்பி வரும்போது வரும்: முதல் லைன் சரியான பிறகும், நேட் ஆன பழைய இணைப்புகள் இரண்டாவது லைனிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்கு 'எஸ்நேட் ரூட் சேஞ்ச்' என்ற அமைப்பை இயக்க வேண்டும், தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது அணைந்தே வருகிறது. மூன்றாவதாக, இரண்டு லைன்களையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஆசையில் ஒவ்வோர் இணைப்பையும் மாற்றி மாற்றிப் பங்கிடும்படி அமைத்தால், வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் ஒரே பயனர் இரண்டு முகவரிகளிலிருந்து வருவதாகக் கண்டு வெளியே தள்ளிவிடும். ஒரு கணினி ஒரு லைன் என்று மூல முகவரியை வைத்துப் பங்கிடச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: இ-வே பில், இ-இன்வாய்ஸ் ஆகியவற்றுக்கு உங்கள் மென்பொருள் அரசுத் தளத்தோடு நேரடி ஏபிஐ (மென்பொருளுக்கு மென்பொருள்) இணைப்பு வைத்திருந்தால், பதிவு செய்த நிலையான ஐபி முகவரியிலிருந்து மட்டுமே அது வேலை செய்யும். பிராட்பேண்ட் லைனுக்கும் நிலையான ஐபி வாங்கி, அதையும் பதிவு செய்து வைக்காவிட்டால், ஃபெயில்ஓவர் ஒழுங்காக நடந்தும் பில் எழாது.

ரவுட்டர் எவ்வளவு நல்லதானாலும் இரண்டு லைன்களும் ஒரே கம்பத்தில் தொங்கினால் பயனில்லை. ஜார்ஜ் டவுனின் குறுகிய தெருக்களில் எந்த நிறுவனத்தின் ஃபைபர் எந்தக் கம்பத்தில் போகிறது என்று அண்ணாந்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மாதவரம், பெரம்பூர்ப் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தோண்டும் இடங்களில் நிலத்தடி ஃபைபருக்கு உத்தரவாதம் கிடையாது. மணலிப் பக்கம் கன்டெய்னர் லாரியின் தலையில் சிக்கி அறுபடும் மேல்கேபிள் வேறு. ஆகவே மாதவரத்திலும் மணலியிலும் இரண்டாவது ஃபைபருக்குச் செலவழிப்பதைவிட ஒரு 4ஜி அல்லது 5ஜி இணைப்பைக் காப்பாக வைப்பது பொருத்தம். தலைமை அலுவலகத்தில் இரண்டு லைன்களும் கட்டடத்துக்குள் வெவ்வேறு பக்கத்திலிருந்து நுழைகின்றனவா என்று ஆளை அனுப்பிப் பாருங்கள். ஓஎன்டி பெட்டிகளையும் ரவுட்டர் இருக்கும் யுபிஎஸ்ஸிலேயே சொருகுங்கள். ரவுட்டருக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு ஓஎன்டியைச் சுவர் பிளக்கில் விட்டிருக்கும் அலுவலகங்கள் ஏராளம்.

குடோனுக்கு ஏன் வேறு பெட்டி என்று நீங்கள் கேட்கலாம். காரணம் வெப்பம். ஃபோர்ட்டிகேட் 60எஃப், 80எஃப், சி8200எல் மூன்றுமே 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சுற்றுப்புறத்துக்கு உரியவை. ஏசி உள்ள லிங்கிச் செட்டித் தெரு அலுவலகத்தில் அது பிரச்சினையே இல்லை. கத்திரி வெயிலில், தகரக் கூரையின் கீழ், சுவரில் மாட்டிய மூடிய ரேக்குக்குள் நாற்பது என்பது காலை பதினோரு மணிக்கே கடந்துபோகும் எண். ஆர்பி5009 -40 முதல் 60 டிகிரி வரை சோதிக்கப்பட்டது. விசிறி இல்லை, உலோக உறையே வெப்பத்தை வெளியேற்றுகிறது, ஆகவே மணலியின் தூசியை உள்ளே இழுப்பதற்கும் வழியில்லை. மின்சாரத்தையும் மூன்று வழிகளில் வாங்கிக்கொள்ளும் என்பதால் ஒரு அடாப்டர் போனாலும் அணையாமல் வைத்திருக்கலாம். சிஸ்கோவிலும் ஐஆர்1101 போன்ற, 60 டிகிரி தாங்கும் தொழிற்சாலை வகைகள் உண்டு, ஃபோர்ட்டிகேட்டிலும் ரக்கட் வரிசை உண்டு; உங்கள் குடோனில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் சில கேமராக்களுக்கும் அந்த விலை தேவையில்லை. கடற்காற்று இன்னொரு தொல்லை. எண்ணூர், திருவொற்றியூர் ஓரமாகக் குடோன் வைத்திருப்பவர்களுக்கு ஆர்ஜே45 (நெட்வொர்க் கேபிள்) முனைகள் பச்சை பூப்பது புதிதல்ல. மணலி கொஞ்சம் உள்ளே இருந்தாலும், பயன்படாத எஸ்எஃப்பி (ஃபைபர் சொருகும்) போர்ட்டுகளில் ரப்பர் மூடியை அகற்றாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

இரண்டு வெவ்வேறு நிறுவனப் பெட்டிகள் தமக்குள் விபிஎன் பேசுமா என்ற ஐயம் வரும். ஐகேஇவி2 ஐபிசெக் என்பது பொதுத் தரம், பேசும். மூன்றே இடங்கள் என்பதால் நிலையான இரண்டு டனல்கள் (இரு இடங்களுக்கு இடையிலான குறியாக்கப் பாதைகள்) போதும், பெரிய எஸ்டிவான் அடுக்குகள் எதுவும் வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிராட்பேண்ட் பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கேட்டு இணைக்கும் முறை) வழியாக வந்தால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1500இலிருந்து 1492 ஆகக் குறைகிறது. அதன்மேல் ஐபிசெக் அறுபது எழுபது பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் வரும் நோய்க்குறி மிக விசித்திரமானது: பிங் போகும், லாகின் பக்கம் திறக்கும், ஆனால் குடோனிலிருந்து ஒரு பிடிஎஃப்பை ஏற்றினால் பாதியில் நின்றுவிடும். நாட்கணக்கில் சர்வரைக் குறை சொல்வார்கள். விண்டோஸ் கணினியில் துண்டாக்கக் கூடாது என்ற குறியோடு 1372 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள். அது போய், 1450 போகவில்லையானால் காரணம் இதுவே. டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் உச்ச அளவு) மதிப்பை இரு முனையிலும் 1360 என்று கட்டிவிட்டால் தீர்ந்தது. கேமரா பதிவுகளைப் பொறுத்தவரை, அவற்றைச் சேமிக்கும் என்விஆர் பெட்டி குடோனிலேயே இருக்கட்டும். பதினாறு கேமரா, ஒவ்வொன்றும் 4 எம்பிபிஎஸ் என்றால் 64 ஆகிவிடும், தலைமை அலுவலகத்தில் யாராவது எல்லாவற்றையும் திறந்து வைத்துப் பார்த்தால் குடோன் லைன் அதிலேயே திணறும். தொலைவிலிருந்து பார்க்கத் தரம் குறைத்த சப்ஸ்ட்ரீம் போதும்.

தலைமை அலுவலகம் இருக்கும் பாரிமுனையில் உட்கார்ந்துகொண்டு மணலி ரவுட்டரின் விதியை மாற்றும்போது, தன்னைத் தானே வெளியே பூட்டிக்கொள்வது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் நிகழ்வது. மைக்ரோடிக்கில் சேஃப் மோடு இயக்கிவிட்டு மாற்றினால், இணைப்பு அறுந்தவுடன் மாற்றங்கள் தாமாகவே திரும்பிவிடும். சிஸ்கோவில் பத்து நிமிடத்துக்கு ரீலோடு (தானாக மறுதொடக்கம்) வைத்துவிட்டு வேலை செய்யும் பழைய வழக்கம் இன்றும் உதவுகிறது. இதில் மிக அழகாகச் செய்தது ஜூனிப்பர்தான்: 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று கொடுத்தால், குறித்த நிமிடங்களுக்குள் மீண்டும் உறுதி செய்யாவிட்டால் முந்தைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ஜூனிப்பர் எஸ்ஆர்எக்ஸ்300 வரிசையை உங்கள் பட்டியலில் யாரும் சேர்க்காதது எனக்குச் சற்று வருத்தமே. ஆனால் 2025 ஜூலையில் அந்த நிறுவனத்தை ஹெச்பிஇ (ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) வாங்கி முடித்துவிட்டது. இனி அந்தச் சிறிய பெட்டிகளின் போக்கு எப்படியிருக்கும் என்று தெளியும்வரை புதிதாக அதில் நுழையச் சொல்லமாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது, 'எங்கள் பிராண்டில் ஓட்டை இல்லை' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2018இல் மைக்ரோடிக்கின் வின்பாக்ஸ் நிர்வாகச் சேவையில் இருந்த ஓட்டைக்கு அந்த ஆண்டு ஏப்ரலிலேயே திருத்தம் வந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட ரவுட்டர்கள் பின்னர் மாதக்கணக்கில் கிரிப்டோ சுரங்கக்காரர்களுக்கு வேலை செய்தன. 2023 அக்டோபரில் சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இ-இன் வெப் பக்கத்தில் இருந்த ஓட்டைக்கு ஆபத்து மதிப்பு பத்துக்குப் பத்து. 2024 பிப்ரவரியில் ஃபோர்ட்டிநெட்டின் எஸ்எஸ்எல் விபிஎன்னில் இன்னொன்று. ஆகவே நிர்வாகப் பக்கத்தை இணையத்தின் பக்கம் திறந்து வைக்காதீர்கள், விபிஎன் வழியாக மட்டும் எட்டும்படி வையுங்கள்; எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் நாளே செய்யவேண்டிய வேலை இது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் ஐபிசெக் முறையையே கொடுங்கள், ஃபோர்ட்டிஓஎஸ் 7.6 பதிப்பில் 2 ஜிபி நினைவகம் கொண்ட மாடல்களிலிருந்து எஸ்எஸ்எல் விபிஎன்னையே நீக்கிவிட்டார்கள். 60எஃப் அந்த 2 ஜிபி கூட்டத்தில் இருப்பதால்தான் 80எஃப் என்றேன். நினைவகம் குறைந்த பெட்டி முதலில் வசதிகளை இழக்கும், பிறகு புதுப்பிப்புகளை.

81எஃப்-ஐ நான் சேர்த்துச் சொன்னதற்கு லாக் (நடவடிக்கைப் பதிவு) காரணம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாட்கள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரம் தரும் என்டிபி சர்வரோடு இணைத்திருக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குக் கொடுத்த அவகாசமும் 2022 செப்டம்பர் 25 அன்றே முடிந்துவிட்டது. 81எஃப்-இல் 128 ஜிபி வட்டு இருக்கிறது. சாதாரண 80எஃப் வாங்கினால் அலுவலகத்தில் ஒரு பழைய கணினியில் லாக்குகளைப் பெற்றுச் சேமிக்கும் சிஸ்லாக் சர்வர் நிறுவி, குடோன்களின் லாக்குகளையும் அதிலேயே சேர்த்துவிடலாம். சொல்லப்போனால் 81எஃப் வாங்கினாலும் சிஸ்லாக் சர்வர் இருப்பது நல்லது. ரவுட்டரைக் கைப்பற்றியவன் முதலில் அழிப்பது அதில் இருக்கும் லாக்கைத்தான்.

இனிச் செலவு. விலைப்புள்ளியின் கடைசி வரியில் இருக்கும் தொகையை ஒப்பிடாதீர்கள். ஐந்து ஆண்டுக் கணக்கைப் போடுங்கள். கேட்டலிஸ்டுக்கு வாங்கும்போதே சிஸ்கோவின் டிஎன்ஏ மென்பொருள் சந்தாவும், அதன்மேல் ஆண்டுதோறும் ஆதரவு ஒப்பந்தமும். ஃபோர்ட்டிகேட்டுக்கு யுடிபி என்ற பாதுகாப்புச் சந்தாத் தொகுப்பு. மூன்றாண்டு முடிந்து புதுப்பிக்கும்போது சொல்லும் விலை முதல் விலையைப்போல இருக்காது, ஆகவே ஐந்தாண்டுக்கே விலை கேளுங்கள். புதுப்பிக்காமல் விட்டால் ரூட்டிங்கும் விபிஎன்னும் ஓடும், ஆனால் புதிய தாக்குதல் அடையாளங்கள் வராது, ஃபர்ம்வேரும் கிடைக்காது. வெப் ஃபில்டரோ மதிப்பீடு கிடைக்கவில்லை என்று எல்லாத் தளங்களையும் தடுக்கத் தொடங்கும், அலுவலகமே இணையம் போய்விட்டது என்று கூச்சலிடும். மைக்ரோடிக்கில் உரிமம் பெட்டியோடு வருகிறது, ஆண்டுக் கட்டணம் கிடையாது. ஆனால் பழுதானால் மறுநாள் மாற்றுப் பெட்டி கொண்டுவந்து தரும் ஒப்பந்தமும் அதில் கிடையாது. ஆகவே இரண்டுக்கு மூன்றாக ஆர்பி5009 வாங்கி, ஒன்றை அமைப்புகளோடு அலமாரியில் வையுங்கள்.

ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தண்டையார்ப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் மைக்ரோடிக் தெரிந்த இளைஞர்கள் எளிதில் கிடைப்பார்கள், ஏனெனில் உள்ளூர் கேபிள் இணைய நிறுவனங்கள் பலவும் அதைத்தான் ஓட்டுகின்றன. அவர்களுக்கு பிபிபிஓஇ, க்யூ இரண்டும் தண்ணீர் பட்ட பாடு. ஐபிசெக், ஃபெயில்ஓவர் ஸ்கிரிப்ட் என்று வரும்போது தேர்ந்தெடுத்துத்தான் ஆள் வைக்க வேண்டும். தலைமை அலுவலகத்துக்கு நான் சிசிஆர்2004ஐச் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பெட்டியின் திறனில் குறையில்லை, பதினாறு கிகாபிட் போர்ட்டும் இரட்டை மின்வழியும் அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்காது; ஆனால் அதில் உள்ளடக்கச் சோதனை இல்லை, அதனால் பக்கத்தில் ஒரு ஃபயர்வால் தனியாக வாங்க நேரும்.

சி8200எல் எப்போது சரியான விடையாகும் என்றால்: உங்கள் தொலைபேசி இன்னும் பிஆர்ஐ (ஒரே நேரத்தில் பல அழைப்புகளைச் சுமக்கும் பழைய வகைத் தொலைபேசி) லைனில் ஓடி, அந்த அட்டையை ரவுட்டரிலேயே சொருக வேண்டியிருந்தால், சொந்த ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் உங்கள் வலையமைப்பின் அடையாள எண்) குறைந்தது ஒரு /24 முகவரித் தொகுதியும் (256 முகவரிகள்) இந்தியாவின் முகவரிப் பதிவகமான ஐரின்னிடம் வாங்கி இரண்டு நிறுவனங்களோடு பிஜிபி (பாதைகளை அறிவிக்கும் முறை) பேசப் போகிறீர்கள் என்றால், அல்லது சிஸ்கோ தெரிந்த ஆள் உங்கள் சம்பளப் பட்டியலிலேயே இருந்தால். மூன்றில் ஒன்று உண்டானாலும் என் விடையை மாற்றிக்கொள்வேன். டிபி-லிங்க் ஒமாடா போன்றவற்றை மாதவரம் யார்டுக்கு மட்டும் யோசிக்கலாம். தலைமை அலுவலகத்துக்கு வேண்டாம்.

பர்ச்சேஸ் ஆர்டரில், நிறுவும் நாளன்று ஊழியர்கள் முன்னிலையில் ஃபைபரை ஓஎன்டியின் வெளிப்பக்கத்தில் கழற்றி ஃபெயில்ஓவர் காட்ட வேண்டும், ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு டனல் வழிக் கோப்பு ஏற்றமும் நடந்துகொண்டிருக்கும்போதே கழற்ற வேண்டும், அமைப்புக் கோப்பும் நிர்வாகக் கடவுச்சொல்லும் உங்கள் கைக்கு வந்த பின்பே கடைசித் தவணை என்று எழுதிவிடுங்கள். பெட்டியின் சீரியல் எண்ணை உங்கள் பெயரிலேயே பதிவு செய்யச் சொல்லுங்கள். விற்பவர் பெயரில் பதிவானால் பிறகு ஆதரவுக்கு அவரிடமே கையேந்த வேண்டும்.

பழைய 4331ஐ இணையத்தின் பக்கம் வைக்காதீர்கள். பிஆர்ஐ இருந்தால் உட்பக்கத்தில் குரல் கேட்வேயாக 2028 வரை ஓட்டலாம். மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் கொடுப்பதானால், 'ரைட் எரேஸ்' கொடுத்து, ஃபிளாஷில் கிடக்கும் அமைப்பு நகல்களையும் அழித்துவிட்டுக் கொடுங்கள். குடோன் டனல்களின் ப்ரீ-ஷேர்டு கீ (இரு முனைக்கும் பொதுவான ரகசியச் சொல்) அதில் இருக்கும், புதிய டனல்களுக்கு அதே கீயைப் போடவும் வேண்டாம்.